வாடகையில் அடங்கிய மின்சாரத்தில் பிட்காயின் மைனிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாடகையோடு மின்கட்டணமும் சேர்ந்துவிட்ட ஒரு வீட்டில் குடியிருப்பவர், பழைய பிட்காயின் மைனிங் இயந்திரம் ஒன்றை, அதாவது இடைவிடாத கணிப்பு வேலையால் புதிய பிட்காயினை ஈட்டும் கருவியை, வாங்கி இரவும் பகலும் ஓடவிடலாமா? இந்தக் கேள்வியோடு வந்தவர் எனக்கு நன்கு தெரிந்த இளைஞர், மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர். மாதம் ஒரே தொகை கொடுக்கிறார்; எத்தனை யூனிட் செலவழித்தாலும் அவருக்குத் தனி பில் வராது. "மைனிங்கில் பெரிய செலவே கரண்ட்தான் அண்ணா. அது எனக்கு இலவசம். அப்படியென்றால் வருவதெல்லாம் லாபம்தானே?" என்றார்.

இப்படிக் கேட்பவர்களை "வீட்டில் மைனிங் செய்தால் லாபமே வராது" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. மின்சாரம் மெய்யாகவே இலவசமாக இருந்தால் லாபம் வரும் என்பதுதான் உண்மை. எனவே அவரை உட்காரவைத்து, ஒரு தாளில் முதலிலிருந்து கணக்குப் போட்டோம். அந்தத் தாளில் எழுதியதையும், அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் பேசியதையும், எடுத்த முடிவையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

கணக்கு முழுவதும் அமெரிக்க டாலரில் இருக்கிறது. பிட்காயினின் விலை உலகெங்கும் டாலரில்தான் பேசப்படுகிறது. விகிதங்கள் எந்தப் பணத்தில் போட்டாலும் மாறாது.

நெட்வொர்க் தரும் பங்கு

பிட்காயின் நெட்வொர்க்கில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, உருவாகிறது. அதை உருவாக்குபவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. ஒரு நாளைக்கு 144 பிளாக். 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் உருவானபோது பரிசு 50 பிட்காயின். ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது: 2012, 2016, 2020 என்று குறைந்துவந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. ஆக, உலகம் முழுவதும் மைனிங் செய்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாளில் பெறுவது 450 பிட்காயின். பரிவர்த்தனைக் கட்டணங்கள் இதோடு கொஞ்சம் சேரும். கணக்கை மாற்றும் அளவுக்கு இல்லை.

இந்த 450-இல் நம் பங்கு எவ்வளவு? நெட்வொர்க்கின் மொத்தக் கணிப்புத்திறனில் நம் இயந்திரம் எத்தனை பங்கோ அத்தனை பங்கு. இந்தத் திறனை விநாடிக்கு எத்தனை ஹாஷ் கணிப்பு என்று அளப்பார்கள்; பத்து லட்சம் டெராஹாஷ் ஓர் எக்ஸாஹாஷ். கணக்குக்காக நெட்வொர்க்கின் திறனை 900 எக்ஸாஹாஷ் என்றும், ஒரு பிட்காயினின் விலையை 1,00,000 டாலர் என்றும் வைத்துக்கொண்டோம். 2025-இல் நெட்வொர்க் இதற்கு மேலேயும் கீழேயும் போயிருக்கிறது; விலையும் அப்படித்தான். முழு எண்களாக இருந்தால் பின்னால் திருத்திப் போடுவது எளிது.

100 டெராஹாஷ் இயந்திரம் ஒன்று இந்த நெட்வொர்க்கில் 90 லட்சத்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்குக் கிடைப்பது 5,000 சடோஷி, அதாவது 0.00005 பிட்காயின். மதிப்பு 5 டாலர்.

இதைப் பூலில் சேர்ந்துதான் பெற முடியும். பூல் என்பது ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் சேர்ந்து உழைத்து, கிடைப்பதை உழைப்புக்கேற்பப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. தனியாக முயன்றால் இதே இயந்திரத்துக்கு ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 171 ஆண்டுகள் ஆகும். முதல் நாளே கிடைக்கவும் வாய்ப்பு உண்டு; அதற்குப் பெயர் லாட்டரி, வருமானம் என்று தாளில் எழுத முடியாது.

எந்த இயந்திரம்

அவரிடம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஒன்று ஏற்கெனவே இருந்தது. முதலில் அதைத்தான் கேட்டார். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வாழ்வு கொடுத்தது ஈத்தரியம் என்ற இன்னொரு நாணயம். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் மைனிங் முறையையே கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைப்பவர்களே பிளாக்கை உருவாக்கும் பங்கு வைப்பு முறைக்கு மாறிவிட்டது. அந்தக் கார்டுகளில் பல எஞ்சிய சிறு நாணயங்களின் பக்கம் திரும்பின. கூட்டம் அதிகம், பங்கு குறைவு. பிட்காயினில் கிராஃபிக்ஸ் கார்டின் காலம் இன்னும் முன்பே முடிந்துவிட்டது: 2013 தொடக்கத்தில் ஏசிக் எனப்படும் தனிப்பயன் சில்லுகள் விற்பனைக்கு வந்தன, அதோடு சரி. எனவே கணினியை ஒதுக்கிவிட்டோம்.

ஏசிக் இயந்திரங்களில் மூன்று தலைமுறைகளை எடுத்துக்கொண்டோம். 2016-இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9: 13.5 டெராஹாஷ், ஏறத்தாழ 1,350 வாட். அடுத்து எஸ்19ஜே புரோ: 100 டெராஹாஷ், 3,050 வாட். பிறகு எஸ்21: 200 டெராஹாஷ், 3,500 வாட். அவர் பேசிவைத்திருந்தது நடுவில் உள்ளதை, ஒருவர் பயன்படுத்திக் கழித்த நிலையில். இயந்திரத்துக்கு 800 டாலர். தனி வயரிங், காற்றை வெளியேற்றும் குழாய், விசிறி எல்லாவற்றுக்கும் 400. மொத்தம் 1,200 டாலர்.

ஒரு யூனிட் என்ன ஈட்டுகிறது

மைனிங் பற்றிய கணக்குகளில் நான் முதலில் பார்ப்பது மாத லாபத்தை அல்ல. ஒரு யூனிட் மின்சாரத்தை இந்த இயந்திரத்துக்குள் விட்டால் எத்தனை சென்ட் வெளியே வருகிறது என்பதைத்தான். பிற எல்லாம் அதிலிருந்து தானாக விளங்கும்.

எஸ்9 நாளைக்கு 32 யூனிட் எடுத்து 67 சென்ட் தருகிறது. யூனிட்டுக்கு 2 சென்ட். எஸ்19ஜே புரோ 73 யூனிட் எடுத்து 5 டாலர் தருகிறது, யூனிட்டுக்கு 6.8 சென்ட். எஸ்21 இயந்திரம் 84 யூனிட் எடுத்து 10 டாலர் தருகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ 12 சென்ட்.

இந்த 6.8 என்ற எண்ணைத் தாளில் வட்டமிட்டு வைத்தோம். மின்சாரத்தின் விலை பூஜ்யம் என்றால் இந்த 6.8-உம் லாபம். மின்சாரத்துக்கு யாராவது, எங்காவது, 6.8 சென்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால், இந்த இயந்திரம் செல்வத்தை உண்டாக்கவில்லை. ஒருவருடைய பணத்தைக் கரைத்து அதில் ஒரு பகுதியை இன்னொருவர் கையில் கொடுக்கிறது.

அவர் இதை உடனே ஏற்கவில்லை. "எனக்கு வருவதைத்தானே நான் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பக்கத்துக் கணக்கையே முழுதாகப் போட்டோம்.

மின்சாரம் இலவசம் என்றே வைத்துக்கொண்டால்

1,200 டாலர் முதல், நாளைக்கு 5 டாலர் வரவு. 240 நாளில் முதல் திரும்பிவிடும். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் நெட்வொர்க் அசையாமல் நிற்கிறது. நிஜத்தில் அது நிற்பதில்லை.

ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிட்காயின் தன் கடினநிலையைத் தானே திருத்திக்கொள்கிறது. உலகில் எங்கோ ஒரு புதிய மைனிங் பண்ணை பல்லாயிரம் இயந்திரங்களை இயக்கினால், பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற வேகம் மாறாதபடி எல்லாருக்கும் வேலை கடினமாகும். நம் 5,000 சடோஷி 4,900 ஆகும், பிறகு 4,750 ஆகும். நம் மின்சாரம் இலவசமா இல்லையா என்பது நெட்வொர்க்குக்குத் தெரியாது. எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு: 2021-இல் சீனா மைனிங்கைத் தடைசெய்தபோது இயந்திரங்கள் மொத்தமாக நின்றுபோய், அந்த ஜூலை 3 அன்று கடினநிலை ஒரேயடியாக 28 சதவீதம் அளவுக்கு இறங்கியது. தொடர்ந்து ஓடியவர்களுக்கு அது நல்ல காலம். அப்படியொன்றை எதிர்பார்த்து முதல் போட முடியாது.

மாதம் 3 சதவீதம் நெட்வொர்க் வளர்கிறது என்று வைத்தோம். பூல் கட்டணம் 2 சதவீதம். இயந்திரம் நின்றுபோகும் நேரத்துக்கு 10 சதவீதம் கழித்தோம். பழைய இயந்திரத்துக்கு இந்த 10 சதவீதம் தாராளம் என்று சொல்ல மாட்டேன். எஸ்19ஜே புரோவுக்குள் மூன்று ஹாஷ் பலகைகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சில்லு போனால் பலகை முழுவதும் நின்றுவிடக்கூடும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மின்விசிறிகள் மட்டும் அதே இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்படிக் கழித்தால் போட்ட முதல் திரும்பப் பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது. ஓராண்டின் முடிவில் கையில் சேர்வது ஏறத்தாழ 0.0135 பிட்காயின்.

அதே 1,200 டாலருக்கு முதல் நாளே பிட்காயினை நேராக வாங்கியிருந்தால் 0.012 கிடைத்திருக்கும். வித்தியாசம் 0.0015. நாம் வைத்துக்கொண்ட விலையில் 150 டாலர், கூடவே இன்னும் ஓராண்டு பழையதாகிவிட்ட இயந்திரம். மின்சாரத்துக்கு ஒரு பைசாகூடத் தராமல், ஓராண்டு முழுவதும் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்ததற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான். இந்த ஒப்பீட்டைப் பிட்காயின் அளவிலேயே செய்ததற்குக் காரணம் உண்டு: பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். "விலை ஏறினால் மைனிங் லாபம்" என்பவர்கள், வாங்கி வைத்தவருக்கும் அதே விலைதான் ஏறும் என்பதைச் சொல்வதில்லை. விலை ஏறினால் நெட்வொர்க்கும் வேகமாக வளரும். அப்போது மைனிங் செய்பவரின் சடோஷி எண்ணிக்கை இன்னும் குறையும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வருவதெல்லாம் மிச்சம்தானே என்று கேட்கலாம். ஆம், இயந்திரம் ஓடினால். அதே வளர்ச்சி வேகத்தில் ஓராண்டுக்குப் பிறகு நாள் வரவு 70 சதவீதமாகியிருக்கும். 2028-இல் பரிசு 3.125-லிருந்து 1.5625 ஆகும் நாளில் வரவு இன்னும் பாதியாகும். வரி தனிக் கதை. பல நாடுகளில் நாணயம் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பே வருமானமாகக் கணக்கிடப்படுகிறது, பிறகு விலை இறங்கினாலும் அன்றைய மதிப்புக்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.

அந்த அறை

இத்தனையும் எண்கள். இயந்திரம் வைக்கப்போகும் அறையைப் பார்க்க ஒருநாள் போனேன். மின்பொறியாளன் என்ற முறையில் எனக்கு இந்தப் பகுதியில்தான் கவலை அதிகம்.

3,050 வாட் உள்ளே போனால் 3,050 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கணிப்பு வேலை எந்த ஆற்றலையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அந்த அறையில் இருக்கும் காற்று ஏறத்தாழ 30 கன மீட்டர். சுவரும் தரையும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால், அந்தக் காற்று 12 விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். சுவர் வாங்கிக்கொள்ளும், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். காற்றை வெளியே தள்ளக் குழாய் போட்டே ஆக வேண்டும். ஏசி போட்டுச் சமாளிக்கலாம் என்றால், ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட், ஏறத்தாழ முழு ஏசியும் இந்த இயந்திரத்துக்காகவே ஓடும், அதற்கு நாளைக்கு இன்னும் இருபது இருபத்தைந்து யூனிட் போகும்.

சத்தம் 75 டெசிபல் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பக்கத்து அறையில் வாக்குவம் கிளீனர் நிற்காமல் ஓடுவது போல இருக்கும். கதவைச் சாத்தினால் குறையும். கதவைச் சாத்தினால் வெப்பம் தேங்கும்.

பிறகு சாக்கெட். 230 வோல்ட்டில் 3,050 வாட் என்றால் 13.3 ஆம்பியர், இடைவிடாமல். 16 ஆம்பியர் சாக்கெட் தாங்கும் என்று எழுத்தில் இருக்கும். வீட்டுச் சாக்கெட்டுகள் இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் சில நிமிடம், பத்து இருபது நிமிடம் பயன்பட்டுப் பழகியவை. ஆண்டு முழுவதும் அதே மின்னோட்டம் என்பது வேறு விஷயம். இணைப்பு ஒன்று லேசாகத் தளர்ந்து 0.1 ஓம் தடை ஏற்பட்டால் போதும், அந்தப் புள்ளியில் மட்டும் 17 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம் அது. பிளாஸ்டிக் மூடிக்குள், யாரும் பார்க்காத இடத்தில், இரவெல்லாம்.

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நியூட்ரல் துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தது. திருகைத் தொட்டதும் கால் சுற்று தளர்வாகத் திரும்பியது. வயரின் செம்பு நுனியில் பளபளப்பு போய்க் கறுத்திருந்தது. அதில் அதுவரை செருகப்பட்டது இஸ்திரிப் பெட்டி மட்டும்தான். கைப்பேசியில் அதைப் படமெடுத்து அவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. மைனிங்குக்கு என்று மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல தரமான தொழிற்சாலை வகைச் சாக்கெட் வேண்டும். அதை வாடகை வீட்டில் உரிமையாளருக்குத் தெரியாமல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

யாருடைய மின்சாரம்

வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். "வழக்கமான வீட்டுப் பயன்பாட்டுக்கான மின்சாரம் வாடகையில் அடங்கும்" என்று இருந்தது. மாதம் 2,190 யூனிட் வழக்கமான வீட்டுப் பயன்பாடு என்று யாராலும் வாதாட முடியாது. அந்த வீடு முழுவதற்கும் மாதம் ஆகும் மின்சாரமே 250 யூனிட் அளவுதான்.

இதை நான் நாசூக்காகச் சொல்லவில்லை. பில்லை இன்னொருவர் கட்டும்போது, அவருக்குத் தெரியாமல் அதை ஏறத்தாழப் பத்து மடங்காக்குவது திருட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சில சட்டங்களின்படி திருட்டேதான். உலகில் இதற்காக அகப்பட்டவர்கள் உண்டு. 2014-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கணினித் தொகுதியில் டோஜ்காயின் என்ற நாணயத்தின் மைனிங் நடந்தது தெரியவந்து, செய்தவருக்கு அந்தக் கணினிகளைப் பயன்படுத்தும் உரிமை பறிபோனது. 2018-இல் ரஷ்யாவின் சரோவ் அணு ஆய்வு மையத்தில் அங்குள்ள மீக்கணினியில் பிட்காயின் எடுக்க முயன்ற பொறியாளர்கள் கைதானார்கள். 2021-இல் மலேசியாவின் மிரி நகரில், திருட்டு மின்சாரத்தில் ஓடிப் பிடிபட்ட 1,069 இயந்திரங்களைக் காவல்துறை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது. சரோவில் சிக்கியவர்கள் படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள். அந்த மின்சாரத்துக்குப் பில் தங்கள் பெயரில் வராதது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அலுவலகத்தில், விடுதியில், கல்லூரி அறையில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அரசுச் சலுகையாக மாதம் இவ்வளவு யூனிட் இலவசம் என்று கிடைப்பவர்கள், நாளைக்கு 73 யூனிட் என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சலுகை சில நாளில் தீர்ந்து, மீதி மாதம் முழுவதும் உயர்ந்த அடுக்கின் கட்டணம் ஓடும்.

"கேட்டுப் பாருங்கள் தம்பி. கேட்டு மறுத்தால் அங்கேயே முடிந்தது. கேட்காமல் ஓட்டினால் முதல் பில்லிலேயே முடிந்துவிடும்" என்றேன். அவர் என்னையும் உடன் வரச் சொன்னார்.

வீட்டுக்கார அம்மா பில்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லின் ஓரத்திலும், முந்தைய மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பென்சிலால் எழுதியிருந்தார். 11 யூனிட் கூடியிருந்த ஒரு மாதத்துக்குப் பக்கத்தில் "விருந்தினர்" என்று குறிப்பு. அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு, 2,190 என்ற எண்ணைச் சொல்ல இளைஞருக்கு வாய் வரவில்லை, நான்தான் சொன்னேன். யூனிட்டுக்கு அம்மா கட்டுவது 15 சென்ட். நாளைக்கு 11 டாலர், மாதம் 330 டாலர் அவர் கட்டினால், குடியிருப்பவருக்கு 150 டாலர் வரும்.

"அப்படியென்றால் அந்த 150-ஐ நானே உங்களுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு 180 மிச்சமாகுமே" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னார். இத்தனை பக்கம் நாங்கள் போட்ட கணக்கின் சாரத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எஸ்21 வாங்கினாலும் இந்த விடை மாறாது: 15 சென்ட்டை உள்ளே போட்டு 12 சென்ட்டை வெளியே எடுக்கும்.

கூரைத் தகடு

பேச்சு அங்கே முடியவில்லை. அந்த ஆண்டே கூரையில் 5 கிலோவாட் சூரியத் தகடு போடும் எண்ணம் அம்மாவுக்கு இருந்தது. "மிஞ்சும் கரண்டை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இளைஞரின் முகம் மலர்ந்தது. இது உண்மையிலேயே தனிக் கணக்கு. மனமுவந்து கொடுக்கப்படும் மின்சாரம்.

வீட்டுத் தேவை போகப் பகலில் மிஞ்சும் என்று மதிப்பிட்டது நாளைக்கு 12 யூனிட். அதை மின்வாரியத்துக்குத் திருப்பி அனுப்பினால் யூனிட்டுக்கு 5 சென்ட் வரவு. இயந்திரத்தில் விட்டால் 6.8 சென்ட். ஆக, மைனிங் உண்மையில் கூட்டித் தருவது யூனிட்டுக்கு 1.8 சென்ட், நாளைக்கு 22 சென்ட், ஆண்டுக்கு 80 டாலர். 1,200 டாலர் முதல் திரும்பப் பதினைந்து ஆண்டு. அதற்குள் இயந்திரமும் இருக்காது, இன்றைய பரிசும் இருக்காது.

அம்மா அந்த 5 சென்ட்டை விட்டுக்கொடுத்து முழு 12 யூனிட்டையும் சும்மா தந்தால்? நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடும், 82 சென்ட் வரும், ஆண்டுக்கு 300 டாலர். நெட்வொர்க் வளராமல் நின்றாலே முதல் திரும்ப நான்கு ஆண்டு. மைனிங் இயந்திரம் என்பது நேரத்தோடு ஓடும் பந்தயம்; ஒரு நாளில் இருபது மணி நேரம் நிறுத்தி வைத்தால், அந்த இருபது மணி நேரமும் உலகின் மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கடினநிலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சூரிய மின்சாரத்தில் மைனிங் என்று பேசுபவர்கள் பலரும் தகட்டின் கிலோவாட்டைச் சொல்வார்கள், மணி நேரத்தைச் சொல்ல மாட்டார்கள். தினமும் சூடேறிக் குளிரும் சில்லுகளின் பற்றவைப்புகள் விரைவில் விரிசல் விடும் என்பதும் இதில் சேரும்.

முடிவு

வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். விற்பவரிடம் இளைஞர் அன்று மாலையே சொல்லிவிட்டார்.

சில இடங்களில் என் பதில் வேறாக இருந்திருக்கும். குளிர் நாட்டில், சொந்தப் பணத்தில், சாதாரண மின் ஹீட்டரால் அறையைச் சூடாக்கும் ஒருவர் என்னிடம் வந்தால், வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்: ஹீட்டர் 3 யூனிட்டை 3 யூனிட் வெப்பமாக்குகிறது, மைனிங் இயந்திரமும் அதையே செய்கிறது, மேலே சில சடோஷியும் தருகிறது. ஆனால் அதே வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். அது ஒரு யூனிட்டைக் கொண்டு மூன்று யூனிட் அளவு வெப்பத்தை உள்ளே இழுத்து வரும். மின்கம்பி எட்டாத இடத்தில் சிறு நீர்மின் டர்பைன் வைத்திருப்பவர், இரவு பகலாக மிஞ்சுவதை விற்கவே வழியில்லாதவர், அவருக்கும் சரி என்பேன். அங்கே அந்த யூனிட்டுக்கு வேறு விலை இல்லை. பெரிய பண்ணைகள் எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரியும் வாயுவையும், மழைக்கால அணை நீரையும் தேடிப் போவது இதனால்தான். வேறு யாருக்கும் வேண்டாத மின்சாரத்தோடுதான் வீட்டு இயந்திரம் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இளைஞருக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் இருந்த ஆசை பணத்துக்காக மட்டும் இல்லை என்பது பேசப் பேசத் தெரிந்தது. பிளாக் எப்படி உருவாகிறது, பூல் எப்படி வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது என்பதைத் தன் கையால் செய்து பார்க்க விரும்பினார். அதற்கு 3,000 வாட் தேவையில்லை. உள்ளங்கை அளவில், திறந்த வடிவமைப்பில் வரும் பிட்டாக்ஸ் போன்ற சிறு பலகை ஒன்று ஏறத்தாழ ஒரு டெராஹாஷ் திறனோடு 15 வாட்டில் ஓடும். நாளைக்கு 50 சடோஷி மதிப்புள்ள உழைப்பு. தனியாக ஒரு பிளாக் கிடைக்கச் சராசரிக் காலம் 17,000 ஆண்டு. அவர் அதைத் தெரிந்தே வாங்கியிருக்கிறார். எலக்ட்ரீஷியன் வந்து அந்தச் சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தார், செலவை அம்மா ஏற்றுக்கொண்டார். சிறு பலகைக்கு மாதம் 11 யூனிட் ஆகும் என்று இளைஞர் முன்கூட்டியே சொல்லி, அது வாடகையில் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.